வன்னிக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு: ஓட்டிசம் உள்ள எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் உள்ள பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள், கால்நடை வளர்ப்போர் சங்கங்கள், கடற்றொழிலாளர் சங்கங்கள் ஆகியவற்றின் தலைவர்களுக்கும், பணிப்பாளர் சபையினருக்கும், பொது முகாமையாளர்களுக்கும்.

வணக்கம்.

உங்கள் ஒவ்வொரு சங்கத்திலும் ஓட்டிசம் (பிறரோடு பேசிப் பழகுவதிலும், இரைச்சல், திடீர் மாற்றம் போன்றவற்றைத் தாங்குவதிலும் வேறுபாடு காட்டும் பிறவித் தன்மை) உள்ள ஒரு இளைஞருக்கோ யுவதிக்கோ சம்பளத்தோடு ஒரு வேலை கொடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். கொடுத்த வேலை இடையில் கைவிட்டுப் போகாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதையும் எனக்குத் தெரிந்த அளவில் எழுதியிருக்கிறேன். மடல் கொஞ்சம் நீளம்தான். பொறுத்து வாசியுங்கள்.

நான் பாடசாலை விசேட கல்வி அலகில் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை. பாடசாலையில் இந்தப் பிள்ளைகளுக்கு என்று ஒரு மேசை இருந்தது, காலையில் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருந்தது. வயது வந்ததும் அதெல்லாம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வீட்டு விறாந்தையும் படலையும்தான். என்னிடம் படித்தவர்கள் பலர் இன்று இருபது கடந்த ஆண்களும் பெண்களும். சந்தையில் காணும் தாய்மார் நலம் விசாரித்து முடிக்குமுன்னே கேட்பது இதைத்தான்: "ரீச்சர், உவனுக்கு எங்கையாவது ஒரு வேலை எடுத்துத் தர ஏலாதோ? காசு பெரிசில்லை, காலமை எழும்பிப் போறதுக்கு ஒரு இடம் வேணும்."

காசும் பெரிதுதான் என்பது என் எண்ணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

வன்னியில் இந்த வயதுக்காரருக்கு வேறெங்கும் இல்லாத ஒரு சங்கடம் உண்டு. இவர்கள் குழந்தைகளாக இருந்தபோது போரால் வன்னி இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. மூன்று வயதாகியும் பிள்ளை கதைக்கவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், "செல் சத்தத்தில பயந்து போச்சு" என்றார்கள். பங்கருக்குள் காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிய பிள்ளையை யார் வேறாகப் பார்த்திருப்பார்கள்? அங்கே எல்லாப் பிள்ளைகளும் காதைப் பொத்திக்கொண்டுதான் இருந்தன. பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். 2012 செப்டெம்பரில் அந்த முகாம் மூடப்பட்டு ஊருக்குத் திரும்பியவர்களுக்குக் கூரை வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், காணாமற்போனவரைத் தேட வேண்டும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ போய் நிபுணரிடம் காட்ட எத்தனை பேரால் முடிந்தது? ஆகவே ஓட்டிசம் உள்ள பலரிடம் அதற்கான வைத்தியச் சான்று இல்லை. சான்று இருந்தால்தான் கதைக்கலாம் என்று சொல்லி அவர்களை வாசலில் நிறுத்திவிடாதீர்கள். சமூக சேவை உத்தியோகத்தரிடமும் பழைய ஆசிரியரிடமும் கேளுங்கள். பெற்ற தாயிடம் கேளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2021 ஆம் ஆண்டுக்குக் கொடுத்த கணக்குப்படி, உலகில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் ஓட்டிசம் உள்ளவர். சில ஆயிரம் அங்கத்தவர்கள் உள்ள ஒரு சங்கத்தில் இப்படி ஒரு பிள்ளை இருக்கும் வீடுகள் இருந்தே தீரும். உங்கள் பங்குப் பதிவேட்டில் பெயர் உள்ள குடும்பங்கள்தான் அவை.

அதனால்தான் உங்களிடம் வருகிறேன். தனியார் முதலாளியிடம் போய் நின்றால் கேட்பது உதவி. சங்கத்திடம் கேட்பது அப்படி அல்ல. சங்கம் அங்கத்தவரின் சொத்து. இடப்பெயர்வுக் காலத்தில் சனம் போன இடமெல்லாம் சங்கமும் போனது. மரத்தடியிலும் தறப்பாளுக்குக் கீழும் நிவாரண அட்டை பார்த்து மாவும் பருப்பும் நிறுத்துக் கொடுத்தது சங்கத்து ஆட்கள்தான். அந்த வரிசையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற தாய்மார் இன்று அதே பிள்ளைக்கு வேலை கேட்கிறார்கள். சர்வதேசக் கூட்டுறவு இயக்கம் 1995 இல் ஏற்றுக்கொண்ட ஏழு கொள்கைகளில் கடைசிக் கொள்கை, சமூகத்தின் மீதான அக்கறை. ஐக்கிய நாடுகள் சபை 2025 ஐச் சர்வதேசக் கூட்டுறவு ஆண்டாக அறிவித்தபோது நீங்களும் பதாகை கட்டினீர்கள், விழா எடுத்தீர்கள். அந்தக் கொள்கையை நம் ஊரில் செயலிலும் காட்ட இடம் இருக்கிறது.

இன்னொன்று, உங்கள் கிளைகள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. அக்கராயனிலோ துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ இருக்கும் ஒருவர் நகரத்துக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால் பஸ்ஸை நம்ப வேண்டும். பஸ் ஒருநாள் வரும், ஒருநாள் வராது. நேரம் தவறுவதையே தாங்க முடியாத ஒருவருக்கு அந்தப் பயணம் போதும் வேலையை வெறுக்க. சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் வேலைத்தலம் உள்ள பெரிய நிறுவனம் வன்னியில் உங்களைத் தவிர வேறு எது?

ஓட்டிசம் உள்ளவர் வேலையில் நிலைப்பாரா என்று கேட்பீர்கள். ஓட்டிசம் என்று வைத்திய உலகம் முதன்முதலில் இனங்கண்டு எழுதிய மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். 1943 இல் லியோ கானர் என்ற மருத்துவர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் முதலாவதாக வருபவர் டொனால்ட் ட்ரிப்லட். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபொரஸ்ட் என்ற சிற்றூர்க்காரர். 1958 இல் ஊர் வங்கியில் வேலைக்குச் சேர்ந்தார். 2023 இல் 89 வயதில் இறக்கும்வரை ஏறத்தாழ 65 ஆண்டுகள் அந்த வங்கியோடு இருந்தார். சந்திப்பவர்களுக்கு ஒவ்வொரு இலக்கம் கொடுப்பார். எத்தனை வருடம் கழித்துக் கண்டாலும் அந்த இலக்கத்தைச் சரியாகச் சொல்வார். ஊரவர்கள் அதைப் பெருமையாக வாங்கிக்கொண்டார்கள். அந்த வங்கியில் அவருடைய குடும்பத்துக்குப் பங்கு இருந்தது, அதனால்தான் அவருக்கு அந்தக் கதவு திறந்தது என்பதும் உண்மை. நானும் அதைத்தான் சொல்ல வருகிறேன். உங்கள் சங்கத்திலும் எங்கள் பிள்ளைகளின் குடும்பங்களுக்குப் பங்கு இருக்கிறது.

கதவு திறக்காத இடங்களில் நிலைமை வேறு. பிரித்தானிய அரசாங்கத்துக்காக ரொபர்ட் பக்லண்ட் தயாரித்து 2024 பெப்ரவரியில் வெளியான அறிக்கை, அங்கே வேலை செய்யும் வயதில் உள்ள ஓட்டிசக்காரர்களில் பத்துப் பேருக்கு மூன்று பேர் அளவில்தான் வேலையில் இருப்பதாகச் சொல்கிறது. அவ்வளவு வசதி உள்ள நாட்டிலேயே அப்படி.

பயிற்சி நிலையம் கட்டித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. பாய் பின்னி, மெழுகுதிரி செய்து, கடித உறை ஒட்டிப் பழகிய பிள்ளைகள் எங்களிடம் நிறைய. பழகி முடிந்து வீட்டில் இருக்கிறார்கள். பயிற்சி நிலையத்தில் பழகியதை அப்படியே இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோய்ப் பொருத்துவது ஓட்டிசம் உள்ள பலருக்கு மிகக் கடினம். மேசை மாறினாலே வேலை புதிதாகிவிடும். எந்த இடத்தில் வேலை செய்யப் போகிறாரோ அந்த இடத்திலேயே, பக்கத்தில் ஓர் ஆளை வைத்துப் பழக்க வேண்டும். அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் நடந்து 2014 இல் வெளியான ஓர் ஆய்வில், 18 முதல் 22 வயது வரையான 24 பேருக்கு வைத்தியசாலையிலேயே ஒன்பது மாதம் துணை ஆளோடு வேலை பழக்கினார்கள். 21 பேருக்குச் சம்பள வேலை கிடைத்தது. அந்தத் துணை கிடைக்காத 16 பேரில் கிடைத்தது ஒருவருக்கு.

இனி, கிடைத்த வேலை எப்படிக் கைவிட்டுப் போகிறது என்று பாருங்கள். ஏ9 வீதியோரக் கடை ஒன்றில் என் மாணவன் ஒருவன் வேலை செய்தான். பால்மா, பிஸ்கட், ரின்மீன் எல்லாவற்றையும் காலாவதித் திகதி பார்த்து அடுக்குவது அவன் வேலை. முதலில் முடிவதை முன்னுக்கு வைப்பான். ஒரு பெட்டி மாறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவான். கடைக்காரர் மெச்சிக்கொண்டுதான் இருந்தார். சித்திரைப் புதுவருடம் நெருங்க, சனம் கூடியது, வாசலில் ஒலிபெருக்கி கட்டினார்கள், ஆள் போதாதென்று ஒரு காலையில் அவனைப் பில் போடும் இடத்தில் பொருள் பையில் போட நிறுத்தினார்கள். முதல்நாள் யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் நிலத்தில் குந்தி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தத் தொடங்கினான். "அம்மா, நாளைக்கு அனுப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகும் அவன் காலை ஏழு மணிக்குச் சேட் போட்டு, சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு படலையில் வந்து நிற்பான். வேலை இல்லை என்று அவனிடம் நேரே சொல்ல யாருக்கும் தெரியவில்லை.

அவன் அடுக்கிய தட்டில் ஒரு பிழையும் இருக்கவில்லை. வேலை தெரியாமல் வேலை இழக்கும் ஓட்டிசப் பிள்ளைகளை நான் அதிகம் கண்டதில்லை. திடீர் மாற்றம், இரைச்சல், யாரும் வாய்திறந்து சொல்லாத எதிர்பார்ப்பு, சக ஊழியரின் பகிடி, இவற்றால்தான் போகிறது. இவை எல்லாம் முகாமையாளர் ஒருவரின் கையில் உள்ள விடயங்கள்.

நிலைத்த இடத்தையும் சொல்ல வேண்டும். ஒரு பால் சேகரிப்பு நிலையத்தில் இன்னொரு மாணவன் இருக்கிறான். விடிய ஆறு மணிக்குச் சைக்கிளில் கான்கள் வரும். மூடியைத் திறந்ததும் முதலில் கலக்குவான். சிலிண்டரில் ஊற்றி, நுரை அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பான். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று அளந்து பார்க்கும் லக்ரோமீற்றரை மெல்ல விட்டு, அது ஆடி ஓய்ந்த பிறகுதான் குனிந்து கண்மட்டத்துக்கு வைத்து வாசிப்பான். 26 என்றால் 26. "தம்பி, 28 எண்டு போடன்" என்று ஊர்ப் பெரியவர் கேட்டாலும் 26 தான். முதல் மாதத்தில் முறைப்பாட்டுக்குக் குறைவில்லை. வணக்கம் சொன்னால் நிமிர்ந்து பார்க்கிறான் இல்லையாம், மரியாதை இல்லையாம். அங்குள்ள முகாமையாளர் ஒரு கூட்டத்தில் எழும்பி, பையனின் தன்மை இதுதான், அவன் உங்களை அவமதிக்கவில்லை, அவன் எழுதும் இலக்கம்தான் இங்கே இலக்கம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். அதோடு பேச்சு நின்றது. மேசையை நகர்த்துவதென்றாலும், நேரம் மாறுவதென்றாலும், அவர் முதல்நாள் பின்னேரமே அவனிடம் சொல்லி, ஒரு துண்டிலும் எழுதிக் கொடுப்பார். இவ்வளவும் செய்தவர் ஓட்டிசம் பற்றி எந்த வகுப்பிலும் படித்தவர் அல்ல. அக்கறையாகக் கவனித்தார், அவ்வளவுதான்.

உங்களிடம் இருக்கும் வேலைகளை நினைத்துப் பாருங்கள். ஆலையில் அரிசி நிறுத்துப் பை கட்டுதல், மூடை வாய் தைத்தல், அடுக்கை எண்ணிப் பதிதல். சங்கக்கடையில் திகதி பார்த்து அடுக்குதல். பசளைக் களஞ்சியத்தில் இருப்பு அட்டை. கிராமிய வங்கியில் கடன் கோப்புகளை இலக்க ஒழுங்கில் வைத்தல். ஐஸ் போடும் இடத்தில் பெட்டிக் கணக்கு. இளம் ஆட்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போவதால் இந்த வேலைகளுக்கு ஆள் நிற்பதில்லை என்று நீங்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். நட்டத்தில் ஓடும் சங்கங்கள் இருப்பதும் தெரியும். புதிதாக ஒரு பதவியை உருவாக்கத் தேவையில்லை. நீங்கள் ஏற்கெனவே சம்பளம் கொடுக்கும், ஆள் நிலைக்காத பதவி ஒன்றைத் தாருங்கள்.

ஆள் எடுக்கும்போது நேர்முகப் பரீட்சையை விட்டுவிடுங்கள். நான்கு பேர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து "உம்மைப் பற்றிச் சொல்லும்" என்று கேட்டால் எங்கள் பிள்ளை வாய் திறக்காது, முகட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதை வைத்து என்ன முடிவுக்கு வருவீர்கள்? ஒரு கிழமை நாட்சம்பளத்துக்கு வேலையில் விட்டுப் பாருங்கள். கை சொல்லும்.

வேலை சொல்லும் விதத்தையும் மாற்ற வேண்டும். "உந்த மூடையளை அங்கால தள்ளி அடுக்கிவிடு, பிறகு பாப்பம்" என்றால் எங்கே, எத்தனை, பிறகு என்றால் எப்போது என்று தெரியாமல் திகைத்து நிற்பார். "இந்த 40 மூடையையும் சுவரோரம் ஐந்தைந்தாக அடுக்கு. முடிந்ததும் வந்து என்னிடம் சொல்லு." இது போதும். சொல்பவர் எப்போதும் ஒரே ஆளாக இருப்பது நல்லது. மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் நமக்கே குழப்பம். ஆலை இரைச்சலுக்குக் காதுமூடி வாங்கிக் கொடுங்கள், மற்றத் தொழிலாளரின் காதுக்கும் அது நல்லது. அரிசி சுத்தம் செய்யும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்துமுன் வலிப்பு வருவதுண்டா என்று வீட்டாரிடம் கட்டாயம் கேளுங்கள். ஓட்டிசம் உள்ள சிலருக்கு வலிப்பும் இருக்கும். தாங்க முடியாமல் போகும் வேளையில் போய்ப் பத்து நிமிடம் இருக்க ஒரு மூலை வேண்டும், களஞ்சியத்துக்குப் பின்னால் ஒரு கதிரை போட்டால் போதும். அந்த நேரம் ஆள்மாறி ஆள் போய் "என்ன, என்ன" என்று கேட்காமல் விட்டுவிட வேண்டும்.

சக ஊழியர் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். "விசரன்" என்று கூப்பிடுவது பகிடி அல்ல, அதை முதல் நாளே நிறுத்துங்கள். இந்தப் பிள்ளைகள் கேட்டதைக் கொடுத்துவிடுவார்கள். "தம்பி, ஆயிரம் ரூபா கைமாத்துத் தா" என்றால் சம்பள உறையையே நீட்டுவார்கள். தன் வேலையை இவர்கள் தலையில் கட்டிவிட்டு வெற்றிலை போடப் போகிறவர்களும் உண்டு. கண்காணிக்க ஒருவர் இருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். அமைதியாக ஒரு மூலையில் இருக்கும் பெண் பிள்ளையை "நல்ல அடக்கமான பிள்ளை" என்று விட்டுவிடுவதால் அவர்களை இனங்காண்பதே குறைவு. வேலைக்கு அனுப்பத் தாய்மார் பயப்படுகிறார்கள், அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பெண்கள் சேர்ந்து வேலை செய்யும் பிரிவு, பொறுப்பான ஒரு அக்கா, இருட்டுமுன் வீடு. இவ்வளவும் உறுதியாக இருந்தால் அனுப்புவார்கள்.

சம்பளத்துக்கு வருகிறேன். "கைச்செலவுக்கு ஏதாவது குடுப்பம்" என்ற பேச்சு வேண்டாம். மற்றவருக்குக் கொடுக்கும் அதே சம்பளம், ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 சதவீதம், அவருடைய பங்கு 8 சதவீதம், நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம். எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பது என்று இரவில் நித்திரை கொள்ளாமல் கிடக்கும் தாய்க்கு, பிள்ளையின் பெயரில் ஒரு சேமலாபக் கணக்கு இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நினைத்துப் பாருங்கள். வேலைக்குப் போனால் கிடைக்கிற கொடுப்பனவும் நின்றுவிடுமோ என்ற பயமும் வீடுகளில் உண்டு. பிரதேச செயலகத்தோடு அதை முன்கூட்டியே கதைத்துத் தெளிவுபடுத்தி வீட்டாருக்குச் சொல்ல உங்களால் முடியும். தனியாக ஒரு தாய் போய்க் கேட்பதை விடச் சங்கம் கேட்டால் பதில் கெதியாக வரும்.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988 ஆம் ஆண்டின் 27/88 இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை, அரச சேவையிலும் அரச கூட்டுத்தாபனங்களிலும் வெற்றிடங்களில் 3 சதவீதத்தைத் தகைமையுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு, ஆட்சேர்ப்பில் அவர்களுக்குப் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்று உறுதிசெய்த ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 27 ஆம் உறுப்புரை, வேலைத்தலத்தில் தேவையான நியாயமான மாற்றங்களைச் செய்து கொடுக்க வேண்டும் என்கிறது. 3 சதவீதம் என்ற சுற்றறிக்கை உங்கள் சங்கத்தைக் கட்டுப்படுத்துமா என்று வாதாட நான் வரவில்லை. அது வந்து இத்தனை வருடமாகியும் என் மாணவர் ஒருவருக்குக்கூட அதன்வழி வேலை கிடைத்ததை நான் காணவில்லை. கொழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் இவர்கள் கிழவர்களாகிவிடுவார்கள்.

துணை ஆளுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? இதற்கு ஒரு வழி சொல்கிறேன். புலம்பெயர்ந்த எங்கள் உறவுகள் பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் இல்லங்களுக்கு மதிய உணவு கொடுக்கிறார்கள், சக்கர நாற்காலி கொடுக்கிறார்கள், படம் வருகிறது. மனமார நன்றி சொல்கிறேன். அதே கையால் ஒரு துணை ஆளின் முதல் வருடச் சம்பளத்தைத் தரும்படி சங்கம் கேட்கட்டும். சங்கத்துக்குப் பற்றுச்சீட்டு உண்டு, கணக்காய்வு உண்டு, கொடுப்பவர் நம்பிக் கொடுப்பார். ஊரில் படித்துவிட்டு வேலை தேடும் பெண் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் துணையாக வரட்டும். முதல் மூன்று மாதம் முழு நாளும் பக்கத்தில் நிற்க வேண்டும், பிறகு கிழமைக்கு ஒரு தடவை, பிறகு மாதத்துக்கு ஒரு தடவை. அதை முற்றாக நிறுத்திவிடக்கூடாது. முகாமையாளர் மாறினால், கட்டடம் மாறினால், வீட்டில் ஒரு சாவு நடந்தால், திரும்பவும் கொஞ்சக் காலம் பக்கத்தில் ஆள் வேண்டும்.

காலபோக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் ஆலைகள் முழு மூச்சில் ஓடும்போது எப்படியும் ஆள் எடுப்பீர்கள். அதற்கு முன் வரும் பணிப்பாளர் சபைக் கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் சேருங்கள். எந்தப் பதவி, எந்தக் கிளை, யார் பொறுப்பு என்ற மூன்றையும் தீர்மானமாக எழுதி, பொதுச்சபையில் அங்கத்தவருக்கு வாசியுங்கள். கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டால் வருவேன். பிள்ளைகளின் தாய்மாரும் வரத் தயார். எந்தப் பிள்ளைக்கு எந்த வேலை பொருந்தும், எந்தச் சத்தம் ஒத்துவராது, எதைக் கண்டால் முகம் மலரும் என்று அவர்களுக்கு விரல்நுனியில் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விசேட கல்வி அலகு ஆசிரியை,
பரந்தன்.